விதையிலிருந்து புளொக்ஸ்: முளைப்பும் குறைவு, தண்டும் குட்டை. எங்கே பிழை?

கந்தப்பளை_பூந்தோட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். வெட்டுப்பூவுக்காக ஓராண்டு புளொக்ஸ் இரண்டு தடவை விதைத்தும் சரிவரவில்லை. விவரத்தை முழுதாகத் தருகிறேன், எங்கே பிழை என்று பார்த்துச் சொல்லுங்க.

இடம் நுவரெலியாப் பக்கம் கந்தப்பளை, 6,000 அடிக்கு மேல். முன்பு தேயிலை நின்ற மண், இப்போது மேட்டுப்பாத்தி. விதை 'ட்விங்கிள்' கலவை. மூன்று கிழமை குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து, நாற்றுத்தட்டில் தும்புத்தூளின் மேல் தூவி, மூடாமல் இலேசாக அழுத்திவிட்டோம். தட்டுகள் பொலித்தீன் கூடாரத்துக்குள் இருந்தன. முதல் தடவை 60 குழியில் 14 முளைத்தது. அடுத்த தடவை 60க்கு 21; அதிலும் பாதி ஒரு கிழமைக்குள் கழுத்து மெலிந்து சாய்ந்துபோனது.

தப்பிய செடிகள் 7 அங்குலத்திலேயே பூத்துவிட்டன. பூக்கடையில் 14 அங்குலத் தண்டாவது வேண்டும் என்கிறார்கள். அடியிலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, நரம்புக்கு நடுவே மஞ்சளாகிறது. அடிப்பசளை கோழி எரு, அதோடு கிழமைக்கு ஒரு தடவை அல்பேர்ட் கரைசல் (தண்ணீரில் கரைத்து ஊற்றும் கலப்புப் பசளை).

ஏப்ரல் சீசனுக்குப் பூ வேண்டும். எப்போது, எப்படி விதைப்பது? மே மாத மழையிலும் தொடர்ந்து எடுக்க வழி உண்டா?

---

ஹக்கலை_அடிவாரம்:

தங்கச்சி, முதலில் ரகத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் அது மாறாது. ட்விங்கிள் தொட்டிக்கும் பாத்தி ஓரத்துக்கும் உரிய குட்டைச் செடி. இதழ் நுனி நட்சத்திரம் போல வெட்டுப்பட்டு அழகாகத்தான் இருக்கும், ஆனால் உயரம் 6 முதல் 8 அங்குலம்தான். 'பியூட்டி' வகையும் அப்படியே. உங்கள் செடி 7 அங்குலத்தில் பூத்தது நோயும் இல்லை, பசளைக் குறையும் இல்லை. வெட்டுப்பூவுக்கு 'கிராண்டிஃப்ளோரா' என்று போட்ட உயர ரகங்களைத் தேடுங்க: 'செரி கரமல்', 'க்ரெம் ப்ரூலே', 'டாப்பெஸ்ட்ரி' கலவை போன்றவை. நல்ல மண்ணில் 15 முதல் 20 அங்குலம் வரும். பாக்கெட்டில் படத்தைப் பார்க்காதீங்க, உயரம் எழுதியிருக்கும் வரியைப் பாருங்க.

அடுத்தது குளிர்சாதனப் பெட்டி. மாதக்கணக்காகக் குளிரில் வைக்க வேண்டியது பல்லாண்டுப் புளொக்ஸின் விதை. இது வேறு இனம், இதற்கு அந்தக் குளிர் தேவையே இல்லை. ஈரம் படாமல் வைத்திருந்தால் கெடுதலும் இல்லை.

முளைப்பைக் கெடுத்தவை இரண்டு: வெளிச்சம், சூடு. இந்தச் செடியின் சொந்த ஊர் அமெரிக்காவின் டெக்சஸ். தோமஸ் ட்ரமண்ட் என்ற தாவர சேகரிப்பாளர் 1835இல் அங்கிருந்து விதையை பிரித்தானியாவுக்கு அனுப்பினார், அவர் பெயர்தான் இனப் பெயரிலும் இருக்கிறது. அங்கே மணல் தரையில் விழும் விதை கோடை வெயில் முழுவதும் சும்மா கிடக்கும். வெப்பம் இறங்கி ஈரம் வந்த பிறகுதான் முளைக்கும், அதுவும் மண்ணுக்குள் மூடிக் கிடந்தால். அந்தக் குணம் தோட்ட ரகங்களிலும் போகவில்லை. நீங்கள் மேலே தூவி மூடாமல் விட்டதால் வெளிச்சம் பட்டது. கூடாரத்துக்குள் உச்சிவேளைக்குக் கந்தப்பளையிலும் 30 பாகையைத் தாண்டும். விதைக்கு வேண்டியது 15 முதல் 18 பாகை. 24க்கு மேலே போனால் முளைப்பு விழத் தொடங்கும்.

செய்யும் முறை இது. நல்லாக அலசிய தும்புத்தூள் 2 பங்கு, அரித்த பழைய கொம்போஸ்ட் 1 பங்கு, ஆற்றுமணல் 1 பங்கு. அலசுவது சம்பிரதாயம் இல்லை: தும்புத்தூளில் உப்பு நிற்கும், புளொக்ஸின் இளவேர் உப்பைத் தாங்காது. வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று நான்கு தடவை மாற்றுங்க. கலவையை முதல்நாளே நனைத்து வடியவிடுங்க. கையில் இறுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது.

குழிக்கு 2 விதை, கால் அங்குல ஆழம். அதே கலவையை அரித்து மேலே மூடி, ஒருதடவை மெல்லிய பூவாளியால் நனைத்து, கறுப்புப் பொலித்தீனால் தட்டை மூடுங்க. கூடாரத்துக்குள் வைக்காதீங்க. தகரக் கூரைக்கு அடியிலும் அடுப்படிப் பக்கமும் வேண்டாம். வீட்டில் வெயில் படாத அறையின் சீமெந்துத் தரையே போதும்.

ஆறாம் நாளிலிருந்து காலையும் மாலையும் திறந்து பாருங்க. முதல் நாலைந்து முளை தெரிந்த அன்றைக்கே மூடியை எடுத்து வெளிச்சமான இடத்துக்கு மாற்ற வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் வெளுத்து நீண்டுவிடும், அப்படி நீண்ட நாற்று பிறகு நிமிராது. மிச்சம் இரண்டு கிழமைக்குள் வந்து முடியும். இரண்டும் முளைத்த குழியில் ஒன்றைப் பிடுங்காதீங்க, கத்தரிக்கோலால் அடியில் வெட்டிவிடுங்க. பிடுங்கினால் நிற்கிற நாற்றின் வேரும் அறும்.

கழுத்து மெலிந்து சாய்ந்தது நாற்றழுகல். மண்ணில் வாழும் பூஞ்சணங்களின் வேலை. ஈரம், காற்றோட்டமின்மை, பழைய அழுக்குத் தட்டு மூன்றும் சேர்ந்தால் நிச்சயம் வரும். தட்டுகளை ப்ளீச் கலந்த தண்ணீரில் அரை மணி ஊறவிட்டு அலசுங்க. முளைத்த பிறகு மேலே தெளிக்காமல், தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடுங்க. மேற்பரப்பு காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். மருந்தைவிட இதுதான் காப்பாற்றும்.

---

வெலிமடை_மேட்டுநிலம்:

முளைப்பைப் பற்றி ஹக்கலை அண்ணா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தட்டே வேண்டாம் என்பது என் எண்ணம். புளொக்ஸுக்கு வேரை அசைப்பது பிடிக்காது. தட்டில் வேர் சுற்றிவிட்டால் நட்ட பிறகு இரண்டு கிழமை அப்படியே நின்று, வளராமலே மொட்டு விடும். உயர ரகத்திலும் தண்டு குட்டையாவதற்கு இது பெரிய காரணம். பாத்தியிலேயே கால் அங்குலக் கோடு கீறி, 2 அங்குலத்துக்கு ஒரு விதை போட்டு மூடி, மேலே ஈரச்சாக்கு விரித்துவிட்டால் இருட்டும் குளிர்ச்சியும் சேர்ந்தே கிடைக்கும். முளை தெரிந்ததும் சாக்கை எடுத்து, 2 அங்குல உயரத்தில் கலைத்து, 9 அங்குலத்துக்கு ஒன்றாக விடலாம்.

மண்ணுக்கு வருகிறேன், உங்கள் மஞ்சள் இலைக்கான விடை அங்கேதான். தேயிலை நின்ற மண்ணின் பீ.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூட) பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை இருக்கும். புளொக்ஸ் கேட்பது 6 முதல் 6.5. அடியிலையில் நரம்பிடை மஞ்சள் மக்னீசியக் குறையின் அடையாளம், புளிப்பு மண்ணில் வழக்கமாக வருவது. டொலமைட் (மக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்) புளிப்பையும் குறைக்கும், மக்னீசியத்தையும் கொடுக்கும். சதுர மீற்றருக்கு 200 கிராம் கணக்கு. 3 அடிக்கு 20 அடிப் பாத்தி என்றால் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. மேலே தூவிவிட்டுப் போகாமல் 6 அங்குலம் கொத்திக் கலக்க வேண்டும். மெதுவாகக் கரைவதால் நடுவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே போடுங்க. அடுத்த போகத்துக்கு முன் பீ.எச். பார்த்துவிட்டு மட்டும் மறுபடி போடுங்க, 7ஐத் தாண்டினால் இரும்பு கிடைக்காமல் இந்தத் தடவை மேலிலை மஞ்சளாகும்.

கோழி எருவை நிறுத்துங்க. நம் மலையில் கரட், லீக்ஸ், கோவா எல்லாவற்றுக்கும் மூட்டை மூட்டையாகப் போட்டுப் பழகிவிட்டோம். புளொக்ஸுக்கு அது விஷம் மாதிரி. ஆறாத எருவின் உப்பு வேரைச் சுடும். நைதரசன் அதிகமாகி இலை கொழுத்து, தண்டு மெத்தென்று போய், ஒரு காற்றுக்கே படுத்துவிடும். தூள்பூஞ்சணமும் அந்தக் கொழுத்த இலையில்தான் முதலில் பிடிக்கும். அதே பாத்திக்கு நன்கு மக்கிய கொம்போஸ்ட் 15 கிலோ போதும். அல்பேர்ட் கரைசல் லீற்றருக்கு 1 கிராம், பத்து நாளைக்கு ஒருதடவை, மொட்டு தெரியும்வரை மட்டும்.

---

ஹக்கலை_அடிவாரம்:

வெலிமடைத் தம்பி சொல்லும் நேரடி விதைப்பு வெலிமடைக்கும் பண்டாரவளைக்கும் சரி. கந்தப்பளையில் ஒத்துவராது. ஒரு மழை கொட்டினால் கால் அங்குலத்தில் கிடக்கும் விதை வாய்க்காலுக்குப் போய்விடும். மிஞ்சி முளைத்ததை ஓடில்லாத நத்தை ஒரே இரவில் முடித்துவிடும். ஒரு பாக்கெட் இறக்குமதி விதை விலைக்கு அந்த இழப்பு கட்டாது.

வேர் சுற்றும் பிரச்சினை உண்மைதான், அதற்கு மருந்து காலத்தைக் கணக்காகப் பிடிப்பது. 100 குழித் தட்டு என்றால் நாலரைக் கிழமைக்கு மேலே வைக்கக்கூடாது. மூன்று சோடி உண்மையிலை (வித்திலைக்குப் பிறகு வரும் இலை) வந்து, நாற்றை இழுத்தால் கலவை உதிராமல் கட்டியாக வரும் நாள்தான் நடும் நாள். வெள்ளை வேர் பக்கத்தில் தெரியலாம், அடியில் வளையம் போட்டிருக்கக்கூடாது. நடுவதற்கு முந்திய ஐந்து நாள் தட்டை வெளியே வைத்து, தண்ணீரைக் குறைத்துப் பழக்குங்க. மாலை நேரத்தில் நடுங்க, தட்டில் நின்ற ஆழத்துக்கே நடுங்க. கழுத்தை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும்.

ஏப்ரல் சீசனுக்குக் கணக்கு: உங்கள் குளிருக்கு விதையிலிருந்து முதல் வெட்டு 11, 12 கிழமை. மார்கழி (டிசெம்பர்) கடைசிக் கிழமை ஒரு தட்டு, தை (ஜனவரி) நடுவில் இன்னொரு தட்டு. முதல் தட்டு மார்ச் கடைசியில் தொடங்கி சித்திரைப் புத்தாண்டுவரை கொடுக்கும், இரண்டாவது அதற்குப் பிறகு. பாக்கெட்டில் போட்டிருக்கும் மாதங்களைப் பார்க்க வேண்டாம், அவை 16 மணி நேரக் கோடைப் பகல் உள்ள நாடுகளுக்கு எழுதியவை. நமக்கு ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தைச் சுற்றியேதான்.

தை, மாசியில் தெளிந்த வானமும் காற்றில்லாத இரவும் சேர்ந்தால் தரையில் உறைபனி விழும். பழக்கிய செடி இலேசான உறைபனியைத் தாங்கும், ஆனால் மொட்டு கருகிவிடும். அப்படியான மாலைகளில் வளைவுக் கம்பியின் மேல் சாக்கோ பழைய துணியோ போர்த்துங்க, இலையில் படாமல். காலை வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்க.

---

கண்டி_பூக்கட்டு:

நல்ல செடி வளர்த்தும் பலர் பூவைக் கெடுப்பது வெட்டும்போதுதான் என்பதால் அந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

வெட்டும் நிலை: கொத்தில் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதிவரை விரிந்திருக்க வேண்டும். மிச்ச மொட்டில் நிறம் தெரியவேண்டும். பச்சை மொட்டாக வெட்டினால் சாடியில் விரியாது. முழுக்க விரிந்த பிறகு வெட்டினால் கடைக்கு வந்து சேரும் முன்னே உதிரத் தொடங்கும். பனித்துளி காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் வெட்டுங்க. ஈரத்தோடு கட்டினால் சாம்பல் பூஞ்சணம் வழியிலேயே பிடிக்கும்.

எங்கே வெட்டுவது என்பதைத்தான் எல்லோரும் தவறுகிறார்கள். தண்டு நீளம் பார்த்து மேலே வெட்டக்கூடாது. அடியில் இரண்டு சோடி இலை மட்டும் விட்டு ஆழமாக வெட்டுங்க. அந்தக் கணுக்களிலிருந்து வரும் அடுத்த தண்டு அடியிலிருந்தே எழும்புவதால் நீளமாக வரும். மேலே வெட்டினால் மேலே இருந்தே கிளைத்து ஐந்து அங்குலத் தண்டுகளாக ஒரு புதர் கிடைக்கும்.

வாளியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோங்க. வெட்டியதும் கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு உடனே தண்ணீரில் வையுங்க. தண்ணீருக்குள் நிற்கும் இலை ஒருநாளில் நாறி, கிருமி தண்டை அடைத்துவிடும். இருட்டான குளிர்ந்த அறையில் மூன்று நாலு மணி நேரம் தண்ணீர் குடிக்கவிட்டு, பிறகு பத்துப் பத்தாகக் கட்டுங்க. சாடித் தண்ணீருக்கு லீற்றருக்கு சீனி 15 கிராம், தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி, ப்ளீச் கால் தேக்கரண்டி. இரண்டு நாளைக்கு ஒருதடவை மாற்றினால் ஐந்து நாளிலிருந்து எட்டு நாள்வரை நிற்கும்.

இன்னொன்று. புளொக்ஸ் இதழ் எத்திலீன் வாயுவுக்கு மிகவும் பயந்தது. பழுக்கும் வாழைக்குலை, வாகனப் புகை, மண்ணெண்ணெய் அடுப்பு, வாடிய பூக்குப்பை எல்லாமே எத்திலீன் விடும். காலையில் விரிந்து நின்ற கொத்து மாலையில் மேசை முழுக்கக் கொட்டிக் கிடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பழக்கூடைகளோடு ஒரே லொறியில் ஏற்றாதீங்க.

---

கந்தப்பளை_பூந்தோட்டம்:

மிகவும் நன்றி. ரகம்தான் பிழை என்பது நினைக்கவே இல்லை. இன்னும் மூன்று சந்தேகம். நுனி கிள்ள வேண்டுமா, விட வேண்டுமா? மே மழைக்கு என்ன செய்வது? உயர ரக விதை விலை கூட, சொந்தமாக விதை எடுத்தால் சரிவருமா?

---

ஹக்கலை_அடிவாரம்:

கிள்ளத்தான் வேண்டும். கிள்ளாவிட்டால் நடுத்தண்டு ஒன்று முந்திக்கொண்டு பூத்துவிடும், பக்கக் கிளைகள் அதற்குப் பிறகுதான் எழும்பும். செடி 4 அங்குலம் வந்து ஐந்து சோடி இலை இருக்கும்போது, மூன்றாம் சோடிக்கு மேலே வெட்டுங்க. பூ ஏறத்தாழ பத்து நாள், இரண்டு கிழமை தள்ளும். அதைச் சேர்த்து விதைப்பை முன்கூட்டியே வையுங்க: ஏப்ரலுக்கு மார்கழி நடுப்பகுதி. மாற்றாக ஐந்தாறு தண்டு ஒரே நீளத்தில் கிடைக்கும். காய்ந்த காலையில் கிள்ளுங்க, வெட்டுக்காயத்தில் ஈரம் நிற்கக்கூடாது.

இடைவெளி 9 அங்குலம். 3 அடிப் பாத்தியில் நான்கு வரிசை, 20 அடிக்கு நூறு செடி சொச்சம். குழிக்கு இரண்டு என்றால் ஏறக்குறைய 200 விதை. கிராமுக்கு 500 அளவில் இருப்பதால் அரை கிராம் போதும். கிள்ளிய கையோடு 6 அங்குலக் கண் உள்ள வலையைப் பாத்திக்கு மேலே 9 அங்குல உயரத்தில் இழுத்துக் கட்டிவிடுங்க. செடி அதற்குள்ளே நேராக ஏறும். சாய்ந்த பிறகு கட்டினால் தண்டு வளைந்தே நிற்கும், வளைந்த தண்டைக் கடைக்காரர் எடுக்கமாட்டார்.

மே முதல் செப்டெம்பர்வரையான தென்மேல் பருவமழையில் திறந்த பாத்தியில் போடாதீங்க. அந்தக் காலத்துக்குக் கூரை மட்டும் உள்ள கொட்டகை வேண்டும்: மூங்கிலோ குழாயோ நட்டு, 200 மைக்ரோன் யூ.வி. (வெயில் தாங்கும்) பொலித்தீன் மேலே மட்டும், நடுவில் 8 அடியாவது உயரம், நான்கு பக்கமும் திறப்பு. பக்கத்தையும் மூடினால் மழை படாவிட்டாலும் ஈரக்காற்று வெளியேறாது. தண்ணீர் சொட்டுக் குழாயால் அடியில் மட்டும், காலையில் மட்டும். விதைப்பு மார்ச்சில் முடியவேண்டும், அப்போதுதான் ஜூன் மழை வலுக்கும் நேரம் செடி வேர் பிடித்து நிற்கும்.

கொட்டகைக்குள் மழை நனைக்காததால் சாம்பல் பூஞ்சணம் குறையும், தூள்பூஞ்சணம் கூடும். அதற்கு இலையில் தண்ணீர் நிற்கத் தேவையில்லை, ஈரமான இரவும் நெருக்கமும் போதும். அடியிலையில் முதல் வெள்ளைப் பொட்டு கண்டதும் அந்த இலைகளைக் கிள்ளி எடுத்து, நனையும் கந்தகத் தூள் லீற்றருக்கு 2 கிராம் என்று கலந்து இலையின் இரு பக்கமும் படத் தெளிக்கவும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். பூ விரிந்த பிறகு தெளித்தால் இதழில் கறை நிற்கும், ஆகவே மொட்டுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்க.

---

வெலிமடை_மேட்டுநிலம்:

எங்கள் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட்வரை காய்ந்த காற்று. பூஞ்சணத்தைவிட சிவப்புச் சிலந்திப்பேன்தான் தொல்லை. இலை மேலே ஊசிக்குத்துப் போல வெளுத்துவந்தால் திருப்பிப் பாருங்க, மெல்லிய வலை தெரியும். காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீச்சியடித்தாலே பாதி போகும், மேலே சொன்ன கந்தகமும் இதை அடக்கும். ஊவாப் பக்கத்தவர்கள் காற்று வரும் பக்கத்தில் வலைத்துணி கட்டாமல் புளொக்ஸ் தொடங்க வேண்டாம்.

விதை எடுக்கலாம், ஆனால் கலப்பு விதை என்றால் அதே நிறம் வராது என்று தெரிந்து எடுங்க. பக்கத்துப் பக்கத்தில் பல நிறம் நின்றால் பட்டாம்பூச்சி கலந்துவிடும். கரமல் நிறம் வேண்டுமென்றால் அந்த ரகத்தை மட்டும் தனியாக வளர்த்து, வேறு நிறத்தில் பூத்ததை முதல் பூவிலேயே பிடுங்கிவிடுங்க. 'எஃப்1' (முதல் தலைமுறைக் கலப்பினம்) என்று போட்ட விதையிலிருந்து எடுத்துப் பயனில்லை.

காய் முற்றினால் தெறித்துவிடும், ஒரு காயில் மூன்று விதைதான். வைக்கோல் நிறத்துக்கு வந்த கொத்தை வெட்டி, கடதாசிப் பையில் தலைகீழாகப் போட்டு வாயைக் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்க. பைக்குள்ளேயே தெறித்துச் சேரும். பிறகு நிழலில் ஒரு கிழமை உலர்த்தி, இறுக்கமான போத்தலில் ஒரு பிடி வறுத்து ஆறிய அரிசியோடு போட்டு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்க. மலை ஈரத்தில் வெளியே விட்ட விதை சீக்கிரம் உயிர் விடும். ஓராண்டுக்குள் விதைத்து முடிப்பது நல்லது. போடுமுன் 20 விதையை ஈரக் கடதாசியில் சுற்றி இருட்டில் வைத்துப் பாருங்க. இரண்டு கிழமையில் 14க்குக் குறைவாக முளைத்தால் குழிக்கு மூன்றாகப் போடுங்க.

---

கந்தப்பளை_பூந்தோட்டம்:

டொலமைட் இந்தக் கிழமையே கொத்திவிடுகிறோம். ஒரே ஒரு கேள்வி, கோழி எரு ஏற்கெனவே போட்ட பாத்தி இரண்டு இருக்கிறது. அதில் நடலாமா?

---

வெலிமடை_மேட்டுநிலம்:

அதில் இந்தத் தடவை கோவா அல்லது லீக்ஸ் போட்டு ஒரு போகம் எடுங்க, மிச்ச நைதரசனை அது இழுத்துக்கொள்ளும். அறுவடைக்குப் பிறகு டொலமைட் போட்டு ஒரு மாதம் விட்டு புளொக்ஸ் நடலாம். டொலமைட்டையும் எருவையும் ஒரே நாளில் கலக்காதீங்க, எருவின் நைதரசன் அமோனியாவாக ஆவியாகிப் போகும்.